டாம்புக்கு ஊசி போட முன்னர்

லண்டனில் நம்மவர் வீடுகளைப் பார்வையிடப் போகும்போது அண்மைக்காலமாக ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஈஸ்ட்ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் பக்கம் விக்டோரியன் (விக்டோரியா ராணி காலத்து) வீடு வாங்கிய தலைமுறை, கையில் காசு சேரச் சேர அந்த வீட்டை மூடிக்கொண்டே வந்தது. மர யன்னலைக் கழற்றிப் பிளாஸ்டிக் போட்டார்கள், செங்கல்லுக்கு மேல் சீமெந்து பூசினார்கள், ஃபயர்பிளேஸை அடைத்து அதற்கு மேல் டிவி மாட்டினார்கள். இப்போது பிள்ளைகளின் முறை. அப்பா ஆசையாசையாக மூடியதையெல்லாம் மகள் திறக்கச் சொல்கிறாள். "ஒரிஜினலா எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவர வேணும் அண்ணை" என்று சொல்லி ஃபோனில் படங்களைக் காட்டுவார்கள்: வார்ப்பிரும்பு ஃபயர்பிளேஸ், சீலிங் நடுவில் பூவேலை, வாசலில் நிறக்கண்ணாடி.

ஆசையில் பிழையில்லை. கட்டடச் சர்வேயரான நான் அந்தப் படங்களைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் சுவர். விக்டோரியன் வீட்டுச் சுவர் மழையில் நனையும், பிறகு காயும். அதற்கென்றே கட்டிய சுவர் அது. காய வழியில்லாமல் அடைத்துவிட்டு உள்ளே எத்தனை பூவேலை ஒட்டினாலும், அடுத்த குளிர்காலத்தில் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்துவிடும்.

உங்கள் வீடு அந்த வகையா என்று தெரிந்துகொள்ளத் தெருவில் நின்று செங்கல்லைப் பார்த்தால் போதும். ஒரே வரிசையில் ஒரு கல் நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் மாறி மாறித் தெரிகிறதா? குட்டையாகத் தெரிவது குறுக்கே வைத்த கல். சுவரின் வெளிமுகத்தையும் உள்முகத்தையும் அதுதான் பிணைக்கிறது. அப்படியென்றால் அநேகமாக நடுவில் இடைவெளி இல்லாத, ஒன்பது அங்குலத் திண்மச் சுவர். எல்லாக் கல்லும் நீளமாகத் தெரிந்தால் பெரும்பாலும் இரட்டைச் சுவர், பிந்திய காலத்து வீடு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

திண்மச் சுவரின் கல்லைப் பிணைப்பது சுண்ணாம்புச் சாந்து. ஊரில் பழைய நாற்சார் வீடுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சுண்ணாம்பு செங்கல்லை விட மென்மையானது, ஈரத்தை எளிதில் வெளியே விடும். சுவருக்குள் போன தண்ணீர் அந்தச் சாந்து வழியாக ஆவியாகிப் போகும். தேய்வதானாலும் சாந்துதான் தேயும், நூறாண்டுக்கு ஒரு முறை அதை மாற்றினால் சரி. அந்த இடத்தில் பில்டர் சீமெந்தை வைத்து அழுத்திவிட்டால் தண்ணீர் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். கல்லுக்குள் உப்புப் படியும், குளிர்காலத்தில் ஈரம் உறையும், கல்லின் முகம் அப்பளமாக உதிரும். தெருவில் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள்: சீமெந்துக் கோடுகள் மட்டும் விறைப்பாகத் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோயிருக்கும். அதைச் செய்த பில்டர் பெரும்பாலும் கெட்டவர் அல்ல, புது வீட்டு வேலையை மட்டும் படித்தவர்.

வால்தம்ஸ்டோவில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், மனைவியின் அப்பா. 1890களில் கட்டிய வரிசை வீடு. முன் அறையில் முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டர் உப்பி, பெயின்ட் தோலாக உரிந்தது. டாம்ப், அதாவது சுவர் ஈரம், பார்க்கும் கம்பனி ஒன்று இலவசமாக வந்து, இரண்டு முள் வைத்த சின்ன மீட்டரைச் சுவரில் குத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது. நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது, சுவரின் அடியில் துளையிட்டு இரசாயனம் ஏற்ற வேண்டும், ஒரு மீற்றர் உயரத்துக்குப் பிளாஸ்டரை உடைத்து நீர்புகாச் சீமெந்து பூச வேண்டும் என்று பல ஆயிரம் பவுணுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்தது. இந்த ஊசி வைத்தியத்தின் நீண்டகால உத்தரவாதப் பத்திரத்தைப் பார்த்து மயங்காதவர் குறைவு.

அந்த மீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மின்தடையை அளக்கிறது, மரத்துக்கென்று அளவு குறித்த கருவி. மரத்தில் குத்தினால் நம்பலாம். பழைய சுவரில் உப்பு இருந்தாலே எண் ஏறிவிடும். சுவருக்குள் உண்மையில் எவ்வளவு ஈரம் என்று அறியத் துளையிட்டுத் தூள் எடுத்துச் சோதிக்க வேண்டும். 2022இல் பட்டயச் சர்வேயர்களின் சங்கமான ஆர்ஐசிஎஸ், பழைய கட்டடங்களைப் பேணும் அரச அமைப்பான ஹிஸ்டோரிக் இங்கிலாந்து, டாம்ப் தொழில்காரர்களின் சொந்தச் சங்கம் மூன்றும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. பழைய கட்டடத்தில் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடி, பிறகு வைத்தியம் பார் என்பதே அதன் சாரம். இரசாயனம் விற்பவரே இலவசமாக நோய் பார்க்க வந்தால் என்ன நோய் சொல்வார் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அந்த வீட்டில் நான் சுவரைக் குத்த முதல் வெளியே போனேன். 1870களின் பிற்பகுதிக்குப் பின் லண்டனில் கட்டிய வீடுகளில் பொதுவாகத் தரைக்குச் சற்று மேலே, செங்கல் வரிசைக்கிடையில் சிலேட் பலகை வைத்திருப்பார்கள். மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுப்பது அதன் வேலை. சிலேட் லேசில் கெடாது, மனிதர்தான் அதைத் தாண்ட வழி போட்டுக் கொடுப்பார்கள். இங்கே குப்பைத் தொட்டி வைப்பதற்காக முன்முற்றத்தைக் கொங்கிறீட்டால் உயர்த்தியிருந்தார்கள். தரை சிலேட்டுக்கு மேலே போய்விட்டது. மரத்தரையின் அடியில் காற்றோட வைத்த துளைக்கல் பாதி புதைந்திருந்தது. மேலேயிருந்து வரும் மழைநீர்க் குழாயின் பின்பக்க இணைப்புப் பிளந்து, சுவரில் பச்சைக் கோடு. உள்ளே திரும்பி வந்து யன்னலடியில் காலை ஊன்றினால் பலகை மெத்தென்று இறங்கியது. காற்றில்லாமல் உத்திரத்தின் நுனி உக்கிவிட்டது.

வைத்தியம் அலுப்பானது. குழாயை மாற்றினார்கள். கொங்கிறீட்டை உடைத்துத் தரையைச் சிலேட்டுக்கு 150 மில்லிமீற்றர் கீழே இறக்கி, சுவரோரம் சரளைக்கல் கொட்டினார்கள். துளைக்கல்லைத் திறந்து, உக்கிய உத்திர நுனிகளை வெட்டிப் புதுமரம் பொருத்தினார்கள். செங்கல் இடுக்குகளில் வைத்த சீமெந்தைக் கையுளியால் எடுக்கச் சொன்னேன். கிரைண்டர் வேகமானதுதான், ஆனால் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். உள்ளே ஜிப்சம் பிளாஸ்டரை உடைத்து, சுவர் காய்ந்த பின் சுண்ணாம்புப் பூச்சு. திண்மச் சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. "ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது மாசமோ? பிள்ளைத்தாச்சியைப் பாக்கிற மாதிரிப் பாக்க வேணும் போல கிடக்குது தம்பி" என்றார் பெரியவர். எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் தெரியாது.

ஈரம் எல்லாம் வெளியிலிருந்து வருவதுமில்லை. நம் குசினியில் சோறு வடிக்கும் ஆவி, அறைக்குள் ரேடியேற்றரில் காயும் உடுப்பு, அடைத்த புகைபோக்கி, திறக்காத யன்னல் எல்லாம் சேர்ந்தால் குளிர்ந்த சுவரில் தண்ணீர் முத்துமுத்தாகப் பூக்கும். எக்ஸ்ட்ராக்டர் விசிறியின் குழாய் வெளியே போகிறதா அல்லது லொஃப்டுக்குள் முடிகிறதா என்று ஏறிப் பாருங்கள்.

சுவர் காயும் மாதங்களில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது பெயின்ட். எனக்கு டாம்பை விடப் பயம் இதில்தான். பழைய கதவு, யன்னல், படிக்கைப்பிடி ஆகியவற்றின் அடிப்பூச்சுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பொதுமக்களுக்கு அதை விற்பது 1992இல்தான் நின்றது. பெயின்ட் உரியாமல் மூடிக் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. "ஒரிஜினல் மரம் தெரிய வேணும்" என்று வார இறுதியில் உலர்ந்தபடியே சாண்டர் பிடித்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் படியும். தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு இல்லை. கர்ப்பிணிகளும் விலகியிருக்க வேண்டும். ஹீட் கன்னைக் கூட்டி வைத்துச் சுட்டால் ஈயம் புகையாகவே எழும்பும். ஈரமாக்கித் தேயுங்கள், அல்லது இரசாயனப் பசை பூசி உரியுங்கள், நுண்தூளைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 வகை முகமூடி போடுங்கள். சாதாரண வாக்குவம் பிடித்தால் நுண்தூளை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும், நச்சுத்தூளுக்கென்றே உள்ள எச் வகுப்பு வாக்குவம் வாடகைக்கு எடுங்கள். வேலை செய்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்க வேண்டாம்.

தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறத்தில், மெல்ல வளைந்து, சாவியால் கீறினால் வெள்ளியாக மின்னினால் அது ஈயக்குழாய். அதை மாற்றிவிட்டுப் பிறகு பூவேலையைப் பற்றி யோசிக்கலாம்.

மூடியதைத் திறப்பதில் மகிழ்ச்சியும் உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் பிபிசி டிவியில் பாரி பக்னெல் என்பவர் வீட்டு வேலை சொல்லிக்கொடுத்தார். தூசி தங்காமல் பார்வைக்கு நவீனமாக இருக்கும் என்று பழைய கதவுகளின் மேல் ஹார்ட்போர்ட் அடிக்கக் காட்டினார், நாடே அடித்தது. அந்தப் புண்ணியத்தில் உள்ளே நாலு பலகைக் கதவு அப்படியே தப்பியிருக்கும். ஆணியைப் பிடுங்கினால் போதும். கதவைத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலித்தால் நான் சிரிப்பேன்.

நடைவாசல் தரையில் அவசரம் வேண்டாம். அடியில் விக்டோரியன் நிறச்சில்லுத் தரை இருக்கும் என்று மேலே ஒட்டிய பழைய பிளாஸ்டிக் சில்லுகளைச் சுரண்டத் தொடங்குவார்கள். அவற்றிலும் அடியிலுள்ள கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்; ஆர்டெக்ஸ் என்ற கோலப் பூச்சுப் பூசிய சீலிங்கிலும் அப்படியே. பிரிட்டன் அஸ்பெஸ்டஸை முற்றாகத் தடை செய்தது 1999இல். ஒரு சிறு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பதில் வந்த பின் கை வையுங்கள். அடியில் சில்லுத் தரை கிடைத்தால் அமிலம் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

யன்னலில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் பழைய சாஷ் யன்னல் மெல்ல வளர்ந்த மரத்தில் செய்தது. ரேகைகள் நெருக்கமாக இருக்கும், இன்றைய மலிவு மரம் அதன் பக்கத்தில் நிற்காது. கீழ் மூலை உக்கினால் அந்தத் துண்டை வெட்டிப் புதுமரம் ஒட்டலாம். கயிற்றை மாற்றி, ஓரத்தில் தூரிகைப் பட்டை வைத்தால் ஆட்டமும் காற்றும் நிற்கும். உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் நன்றாகப் பொருத்தினால் யன்னல் வழிபோகும் வெப்பம் பாதிக்கு மேல் குறையும். பழைய சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போடுகிறவர் பெட்டிக்குள் தொங்கும் எடையையும் கூட்டித் தருவாரா என்று கேளுங்கள். கூட்டாவிட்டால் மேலே தள்ளிய யன்னல் தானாக இறங்கும், பிள்ளையின் விரல் இடையில் அகப்படும். மேற்சட்டத்தின் இரு முனையிலும் கொம்பு மாதிரி நீண்டிருப்பது அலங்காரமில்லை. கண்ணாடி வரி 1845இலும் யன்னல் வரி 1851இலும் போன பிறகு பெரிய கண்ணாடி வந்தது. அந்தப் பாரத்தைத் தாங்க மூட்டைப் பலப்படுத்தியது அந்தக் கொம்பு. பிளாஸ்டிக் யன்னலில் இன்று அதைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள்.

வால்தம்ஸ்டோவில் பிறந்த வில்லியம் மொரிஸ், 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பழமைக்குத் திருப்புகிறோம் என்று தேவாலயங்களைச் சுரண்டிப் புதுக்கியவர்களை எதிர்த்துத்தான். இருப்பதைப் பழுது பார், இல்லாததைப் பழையதாக நடிக்காதே என்ற அந்தச் சங்கத்தின் நிலைப்பாடுதான் என் தொழிலுக்கும் அடி. முன்னர் சொன்ன வால்தம்ஸ்டோக் குடும்பத்தின் சீலிங்கில் பூவேலை இருந்ததற்கு அடையாளமே இல்லை; சிறிய வீடு, கட்டும்போதே வைத்திருக்கமாட்டார்கள். அந்த வீட்டு அக்கா கொஞ்சம் மனம் சுண்டினார். அந்தக் காசு சுண்ணாம்புக்குப் போனது.

வெப்பக்காப்புக்கு அரச உதவி வாங்கித் தருகிறோம் என்று கதவைத் தட்டுவோர் இப்போது அதிகம். ஈரச்சுவரின் மேல் ஃபோம் பலகை ஒட்டினால் ஈரம் உள்ளே சிறைப்படும். இத்தகைய திட்டங்களில் செய்த வெளிச்சுவர்க் காப்பு வேலைகளில் பெரும்பாலானவற்றைத் திருத்த வேண்டியிருப்பதாகத் தேசியத் தணிக்கை அலுவலகமே 2025இல் சொன்னது. லொஃப்டில் ஸ்பிரே ஃபோம் அடிக்கவே வேண்டாம்; கூரைமரம் தெரியாமல் மறைவதால் மோர்ட்கேஜ் கொடுக்கப் பல வங்கிகள் மறுக்கின்றன. வாங்கப்போகும் வீடானால் லொஃப்டுக்குள் தலையை நீட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வீடு லிஸ்ட் செய்யப்பட்டதா (பாதுகாக்க வேண்டிய கட்டடமாகப் பட்டியலிட்டதா), தெருவின் பழைய தோற்றத்தைக் காக்கும் பாதுகாப்பு வலயத்தில் உள்ளதா என்று கவுன்சில் இணையத்தில் பார்க்கலாம். லிஸ்ட் செய்த வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை, உள்ளேயானாலும், அனுமதியின்றிச் செய்வது குற்றம். முந்திய உரிமையாளர் செய்ததைத் திருத்தச் சொல்லி உங்களுக்கே நோட்டீஸ் வரலாம். பாதுகாப்பு வலயத்தில் யன்னல் மாற்ற முன் கவுன்சிலின் கூடுதல் கட்டுப்பாடு உண்டா என்று கேளுங்கள். புகைபோக்கியின் அடிப்பாகத்தை எடுத்து அறையைப் பெரிதாக்க நினைத்தால் மேலேயுள்ள பாரத்தைத் தாங்க என்ன வேண்டும் என்பதை எஞ்சினியர் கணக்குப் பார்க்க வேண்டும், கட்டட விதி அனுமதியும் வேண்டும். அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரருடன் பங்கிடும் சுவர். 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பில்டருக்கு முற்பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.