மூன்று வட்டம், இருநூறு புளியங்கொட்டை: மக்கள்தொகை வளர்ச்சியை வகுப்பறையில் விளக்கும் வழி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். 1960-களில் உலக மக்கள்தொகை ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. இப்போது 0.9 சதவீதம்தான். அப்படியானால் ஆண்டுதோறும் புதிதாகச் சேர்பவர்கள் அன்றைவிடக் குறைவா, கூடுதலா? பெரும்பாலான கைகள் ‘குறைவு’ என்ற பக்கம்தான் உயரும். சிலர் இன்னும் ஒரு படி தாண்டி, உலக மக்கள்தொகையே குறைந்து வருவதாகச் சொல்வார்கள்.

கரும்பலகையில் கணக்கைப் போடுங்கள். 1960-இல் உலகில் 300 கோடிப் பேர்; அதில் 2 சதவீதம் 6 கோடி. 2022 நவம்பரில் 800 கோடிப் பேர், அதில் 0.9 சதவீதம் 7.2 கோடி. வீதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, சேரும் எண்ணிக்கையோ ஏறியிருக்கிறது. வட்டி குறைந்தாலும் முதல் பெருத்துவிட்டால் வட்டித்தொகை கூடுவதைப் போலத்தான் இது. வீதம் வேறு, எண்ணிக்கை வேறு என்பது மனத்தில் பதியாமல் இந்தப் பாடத்தில் அடுத்த வரிக்குப் போவதில் பயனில்லை.

வழக்கமாக இந்தப் பாடம் இரட்டிப்புக் கணக்கோடு தொடங்கும். பல்லாங்குழிப் பலகை இருந்தால் நல்லது. முதல் குழியில் 1 கொட்டை, அடுத்ததில் 2, பிறகு 4, 8, 16. ஆறாவது குழிக்கு 32 வேண்டும். அங்கேயே குழி நிரம்பி வழியத் தொடங்கும். பதினான்காவது குழிக்கு மட்டும் 8,192 கொட்டைகள் தேவை. ஒவ்வொரு குழியும் அதற்கு முந்தைய குழிகள் அனைத்தின் கூட்டுத்தொகையைவிட ஒன்று கூடுதல் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பத்து நிமிடம் போதும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் தவறான பாடம்தான் போய்ச் சேரும். மனிதர்கள் இப்படிப் பெருகவில்லை. 100 கோடியிலிருந்து 200 கோடியாக 123 ஆண்டுகள் பிடித்தன (ஏறத்தாழ 1804 முதல் 1927 வரை). 200 கோடி 400 கோடியாக 47 ஆண்டுகள் (1974). 400 கோடி 800 கோடியாக 48 ஆண்டுகள். இரட்டிப்புக்கான காலம் சுருங்குவது நின்றுவிட்டது. எழுபதை வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்புக் காலம் கிடைக்கும் என்ற குறுக்குவழியையும் இங்கேயே சொல்லிவிடலாம்: 2 சதவீதத்துக்கு 35 ஆண்டு, 0.9 சதவீதத்துக்குச் சுமார் 78 ஆண்டு.

ஏன் பெருகியது? ‘மக்கள் நிறையப் பிள்ளை பெற்றார்கள்’ என்ற பதில் உடனே வரும். அது தவறு. ஓர் ஏரியை வரைந்து காட்டுங்கள். வரத்துக்கால்தான் பிறப்பு, மதகுதான் இறப்பு. 1951 வாக்கில் இந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 பிறப்பு, 27 இறப்பு, மிச்சம் 13. 1971-இல் 36.9 பிறப்பு, 14.9 இறப்பு, மிச்சம் 22. 2020-இல் 19.5 பிறப்பு, 6 இறப்பு, மிச்சம் 13.5. வரத்து கூடவே இல்லை, தொடர்ந்து குறைந்துதான் வந்திருக்கிறது. தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் பஞ்ச நிவாரணமும் மதகை முதலில் அடைத்தன, வரத்து பிறகு குறைந்தது. அந்த இடைவெளியில்தான் ஏரி ஏறியது. மதகு அகலத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: 1918-இன் விஷக்காய்ச்சலுக்குப் பின் வந்த 1921 கணக்கெடுப்பில், 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 25.1 கோடியாக இறங்கியிருந்தது.

1951-இலும் 2020-இலும் மிச்சம் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் 36 கோடிப் பேருக்கு 13 என்றால் ஆண்டுக்கு 47 லட்சம். 140 கோடிப் பேருக்கு 13.5 என்றால் 1.9 கோடி. முதல் கேள்வியின் விடை இங்கே இன்னொரு முறை வரும்.

இப்போது பாடத்தின் நடுப்பகுதி. எல்லாத் தம்பதிகளும் இன்றே இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொண்டால் மக்கள்தொகை உடனே நின்றுவிடுமா? நிற்காது. ஓடும் பேருந்தில் பிரேக் போட்டாலும் வண்டி சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும். இதற்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர். இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், செய்துகாட்டுவது எளிது.

நான்கு பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு 200 புளியங்கொட்டை, ஒரு சாக்பீஸ். தரையில் மூன்று வட்டம்: 0–24 வயது, 25–49 வயது, 50–74 வயது. தொடக்கத்தில் முறையே 60, 40, 20 கொட்டைகள், மொத்தம் 120. இளையோர் மிகுந்த, வளர்ந்துவரும் ஒரு நாட்டின் தோற்றம் இது. ஒரு சுற்று என்பது 25 ஆண்டு. சுற்றின் வரிசை முக்கியம்: முதலில் மூன்றாம் வட்டத்தைக் காலி செய்து கொட்டைகளை டப்பாவில் போடவேண்டும். இரண்டாம் வட்டத்தில் உள்ளவற்றை மூன்றுக்கும், பிறகு முதல் வட்டத்தில் உள்ளவற்றை இரண்டுக்கும் நகர்த்தவேண்டும். கடைசியில், இரண்டாம் வட்டத்தில் இப்போது எத்தனை இருக்கின்றனவோ அத்தனையே புதுக்கொட்டைகளை முதல் வட்டத்தில் வைக்கவேண்டும். இருவருக்கு இரண்டு குழந்தை என்பதன் பொருள் அதுதான்.

முதல் சுற்று முடிவில் 60, 60, 40, மொத்தம் 160. இரண்டாம் சுற்றில் 60, 60, 60; மொத்தம் 180. மூன்றாம் சுற்றிலும் 180, அதற்குப் பிறகும் 180. முதல் நாளிலிருந்தே இரண்டு குழந்தைதான், ஆனாலும் 120 பேர் 180 ஆகிவிட்டார்கள். நிற்க 50 ஆண்டு ஆயிற்று. யாரும் கூடுதலாகப் பெறவில்லை. பெறும் வயதுக்கு வந்தவர்கள்தான் கூடுதல்.

ஏதாவது ஒரு குழுவுக்கு மொத்தம் 140, 160, 140 என்று மாறி மாறி ஆடினால், அவர்கள் நகர்த்துவதற்கு முன்பே பிறப்பை எண்ணிவிட்டார்கள் என்று பொருள். முதல் வட்டத்தை முதலில் நகர்த்தினால் இரண்டு தலைமுறைகள் கலந்துபோகும், பிறகு பிரிக்கமுடியாது. அதனால்தான் கடைசி வட்டத்திலிருந்து தொடங்கச் சொல்கிறோம். ‘சரியாக 2 தானா?’ என்று கூர்மையான பிள்ளை ஒருவர் கேட்பார். உண்மையில் பதிலீட்டு அளவு, அதாவது ஒரு தலைமுறை தன்னை அப்படியே ஈடுசெய்யத் தேவையான குழந்தைகளின் சராசரி, 2.1. சில குழந்தைகள் பெற்றோராகும் வயதை எட்டுவதில்லை, பிறப்பில் ஆண்கள் சற்று மிகுதி, அந்த 0.1 இவற்றுக்காக. 74 வயதுவரை ஒருவரும் சாவதில்லை, ஊர்விட்டு ஊர் போவதில்லை என்பது விளையாட்டின் எளிமைப்படுத்தல். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

பிறகு 1.5 குழந்தைக்கு ஆடச் சொல்லுங்கள். இரண்டாம் வட்டத்தின் முக்கால் பங்கு புதுக்கொட்டைகள், அரை வந்தால் மேலே முழுமையாக்கலாம். 45, 60, 40 (145); 34, 45, 60 (139); 26, 34, 45 (105). முதலில் ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. இறங்கும்போது மூன்றாம் வட்டத்தின் பங்கு 17 சதவீதத்திலிருந்து 43-க்குப் போய்விடுகிறது. முதியோர் பராமரிப்பு பற்றிய பாடமும் அங்கேயே கிடைத்துவிட்டது. மூன்று குழந்தைக்கான ஆட்டத்துக்கு 200 கொட்டை போதாது (190, 285, 428), தாளில் போடட்டும்.

விளையாட்டு முடிந்ததும் தமிழ்நாட்டின் கணக்கைக் காட்டுங்கள். 2000-ஐ ஒட்டி இங்கே மொத்தக் கருவள வீதம் (ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி) 2.1-க்கு வந்துவிட்டது. ஆனால் 2001-இல் 6.24 கோடியாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 7.21 கோடி ஆனது, பத்தாண்டில் 15.6 சதவீத உயர்வு. வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. என்றாலும் மூன்று வட்டத்தில் பார்த்த உந்தம்தான் இதில் பெரும்பங்கு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாடு 1.8, பீகார் 3.0, இந்தியா 2.0. அதே ஆய்வில், பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரி 2.8 குழந்தை, பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. வரத்துக்காலை மெல்ல அடைத்தது எது என்று கேட்டால் இந்த இரண்டு எண்களைக் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் வீட்டில் எத்தனைப் பிள்ளைகள்?’ என்ற கேள்வியோடு இந்தப் பாடத்தைத் தொடங்கவே கூடாது. நான்கு உடன்பிறந்தாரோடு வளரும் குழந்தை வகுப்பின் நடுவே குற்றவாளியாக நிற்க நேரும். அது அநியாயம். அறிவியலாகவும் பிழை, ஏனென்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு தலை எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல.

பாதிப்பு என்பது ஒரு பெருக்கல்: எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு நுகர்வு, ஒவ்வோர் அலகு நுகர்வுக்கும் எவ்வளவு சேதம். எர்லிக், ஹோல்ட்ரன் என்ற அமெரிக்க அறிவியலாளர்கள் 1970-களின் தொடக்கத்தில் முன்வைத்த சூத்திரம் இது. கார்பன் டை ஆக்சைடில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். இந்தியா: 140 கோடிப் பேர், தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், 280 கோடி டன். அமெரிக்கா: 34 கோடிப் பேர், தலைக்குச் சுமார் 14 டன், 476 கோடி டன். நான்கில் ஒரு பங்கு மக்கள், ஆனால் உமிழ்வு கூடுதல். வீடுகளின் எண்ணிக்கையும் இதில் சேரும்: 12 பேர் ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஒரு ஃபிரிட்ஜ் போதும், அதே 12 பேர் நான்கு வீடானால் நான்கு ஃபிரிட்ஜ்.

இதைப் பிள்ளைகள் தம் கையால் அளக்க ஏற்றது குப்பை. ஒரு தொங்கு தராசு, இரண்டு பை. ஏழு நாள், தினமும் ஒரே நேரத்தில், ஈரக்குப்பை தனி, உலர்குப்பை தனி என்று எடைபோட வேண்டும். மொத்தத்தை நாளாலும் வீட்டிலுள்ளவர்களாலும் வகுத்தால் தலைக்கு ஒரு நாள் எடை கிடைக்கும். போகி, பொங்கல் வாரத்தைத் தவிர்க்கவும். மட்டையும் இளநீர்க்கூடும் வந்தால் கணக்கு வீங்கும், அவற்றைத் தனியே குறிக்கவும். விருந்தினர் வந்த நாளில் தலை எண்ணிக்கையை மாற்ற மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

தலைக்கு 0.4 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். 50,000 பேர் வாழும் ஊருக்கு நாளொன்றுக்கு 20 டன். மக்கள்தொகை மட்டும் 15 சதவீதம் ஏறினால் 23 டன். தலைக்கு எடை மட்டும் 0.6 கிலோ ஆனால் 30 டன். இரண்டும் சேர்ந்தால் 34.5 டன். மூன்று வட்டத்தை ஆடிய பிள்ளைகளிடம், இவற்றில் எந்த எண்ணை அடுத்த மாதத்துக்குள் மாற்றமுடியும், எது 50 ஆண்டு எடுக்கும் என்று கேளுங்கள். அந்த 34.5 டன்னில் ஈரக்குப்பை பாதி என்றால், அதை வீட்டிலேயே உரமாக்கும்போது ஊர் எல்லையைத் தாண்டும் லாரிகளில் சுமார் 17 டன்தான் இருக்கும். அந்த லாரிகள் போய்ச் சேரும் இடத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். தென்சென்னைப் பிள்ளைகளின் விரல் பெருங்குடியில் போய் நிற்கும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில்தான் அந்தக் கிடங்கு இருக்கிறது.