ஃபோ – சொல் விளக்கம்

வியட்நாமியர் காலையில் விரும்பிச் சாப்பிடும் உணவு ஃபோ. எலும்புச்சாறு, அரிசி நூடுல்ஸ், மெல்லிதாகச் சீவிய இறைச்சி. மாட்டிறைச்சி போட்டால் 'ஃபோ போ', கோழி போட்டால் 'ஃபோ கா'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமின் ஹனோய், நாம் தின் வட்டாரத்தில் காவடித் தண்டில் சுமந்து விற்ற தெருவுணவு இது.

பிரெஞ்சுக்காரர்களின் மாட்டிறைச்சிக் குழம்பான 'பொத்தோஃபே' என்பதன் கடைசி அசைதான் ஃபோ ஆனது என்று பலரும் எழுதுகிறார்கள். ஒலி பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை. அந்தக் குழம்பில் கேரட், டர்னிப் உண்டு; நூடுல்ஸ் கிடையாது. ஃபோ என்ற பெயரோ நூடுல்ஸைத்தான் குறிக்கிறது. வியட்நாமில் 'ஃபோ ஸாவ்' என்றொரு வறுவல் உண்டு. அதில் சாறே இல்லை, ஆனாலும் அது ஃபோதான். பிரெஞ்சு ஆட்சியால் மாட்டிறைச்சிப் புழக்கம் கூடியது உண்மை. அதற்காகப் பெயரையும் அவர்கள் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

1931இல் ஹனோயில் வெளிவந்த வியட்நாமிய அகராதி, இது 'ஃபன்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறது. சீன மூலமுள்ள அச்சொல்லுக்கு மாவு, பொடி என்று பொருள். சீனத்தில் அதுவே அரிசிமாவு நூடுல்ஸையும் குறிக்கும். மாட்டிறைச்சி நூடுல்ஸுக்கு 'ஙியூ ஞுக் ஃபன்' என்று பெயர்; தெருவில் கூவிக் கூவி அது ஃபோவாகச் சுருங்கியது என்பார்கள். எனக்கு இதுவே ஏற்புடையது. மலேசியத் தமிழர் சாப்பிடும் 'பீஹூன்' என்பதில் உள்ள 'ஹூன்' இதே சீனச் சொல்லுக்கு ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் உள்ள உச்சரிப்பு.

'ஃபோ' என்ற எழுத்து முழுச் சரியல்ல. உதட்டைக் குவிக்காமல், குரலைத் தாழ்த்தி ஏற்றிச் சொல்ல வேண்டும். உதட்டைக் குவித்துக் குரலை உயர்த்தினால் அது 'தெரு' என்ற வேறு சொல்லாகிவிடும். தமிழ் எழுத்தில் இதைவிட நெருங்க வழியில்லை.

தமிழில் இதை 'இடியாப்ப சூப்' என்பது தவறு. அச்சில் பிழிவது 'புன்' என்ற வேறு நூடுல்ஸ். ஃபோவுக்கு அரிசிமாவைக் கரைத்து, மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்து, நாடாவாக நறுக்குகிறார்கள். ஆகவே நூடுல்ஸை மட்டும் சொல்லும்போது 'அரிசி நாடா' எனலாம். உணவின் பெயரை ஃபோ என்றே எழுதி, முதல் முறை மட்டும் 'அரிசி நாடாச் சாறு' என்று விளக்கம் சேர்த்தால் போதும்.