சென்ட் விலை கேட்கும் முன்

வள்ளியூரில் நான்குவழிச்சாலை ஓரத்து மனை என்ன விலைக்குப் போனது என்று கேள்விப்பட்டு, உள்ளே பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் தம் புஞ்சைக்கும் அதே கணக்கைச் சொல்பவர்களை, நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரப் பத்திரங்களைப் பார்த்துவரும் வழக்கறிஞனாகிய நான் அடிக்கடி சந்திக்கிறேன். அதிக விலை சொல்வது குற்றமன்று. படியாவிட்டால் எழுந்து வந்துவிடலாம். தமக்கு உரிமையில்லாததையும் சேர்த்து விலை சொல்பவரிடம்தான் வாங்குபவர் சிக்கிக்கொள்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மும்பையில் வசிப்பவரிடம் ஒன்றேகால் ஏக்கர் கிணற்றுப் புஞ்சையைப் பேசி, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு லட்சம் அச்சாரமும் கொடுத்த பிறகே என்னிடம் வந்தார். பட்டா, விற்பவரின் காலஞ்சென்ற தந்தை பெயரில் இருந்தது. கிணற்றில் பாதி சித்தப்பா மக்களுக்கு. பம்புசெட் மின் இணைப்பும் அவர்கள் பெயரில். விற்பவரிடம் சகோதரிகளைப் பற்றிக் கேட்டபோது, “அக்காமார் ரெண்டு பேருக்கும் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சுல்லா, அவங்களுக்கு இதுல என்ன இருக்கு?” என்றார். தந்தை சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுச்சென்ற நிலம் அது. தாயும் உயிருடன் இல்லாத நிலையில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சம பங்கு உண்டு. அதை விளக்கியதும், அக்காக்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கணக்கிட்டு விலையில் ஏற்றிவிட்டார்!

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்ததே என்று ஆசிரியர் வருந்தினார். அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவாகாத வாரிசுப் பங்கு வராது. ஆகவே, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை இணையத்தில் பார்த்து, மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் வாங்கிப் படித்து, நிலத்துக்குப் போகும் பாதை புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) உள்ளதா என்று சரிபார்த்த பின்பே விலையைப் பேச வேண்டும். இவற்றைக் காட்டத் தயங்குபவர், என் அனுபவத்தில், விற்பதாக இன்னும் முடிவெடுக்காதவர். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டு, கெடு தேதியும் குறித்துப் பதிவு செய்யாமல் அச்சாரம் கொடுக்கலாகாது. கெடு குறித்திருந்தால், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கை அத்தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்.

ஆசிரியர் வழக்குக்குப் போகவில்லை. ஒன்றரை ஆண்டு அலைந்து, அச்சாரத்தை மூன்று தவணைகளில் வட்டியின்றித் திரும்பப் பெற்றார். புஞ்சையில் உடைமரம் மண்டிக் கிடக்கிறது. உரிமையாளர் இப்போது முன்னிலும் அதிக விலை சொல்கிறாராம்.