மடிக்கணினியின் விலைக்குள் ஓர் உரிமம்

கடையில் மடிக்கணினி வாங்கும்போது, வன்பொருளுக்கு இவ்வளவு, விண்டோஸுக்கு இவ்வளவு என்று ரசீதில் பிரித்து எழுதித் தருவதில்லை. ஆனாலும் இயங்குதளத்தின் உரிமக் கட்டணம் அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது. கணினித் தயாரிப்பாளர் மைக்ரோசாப்ட்டிடம் மொத்தமாகப் பெறும் இதனை ஓ.இ.எம். உரிமம் என்பார்கள். விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து இதற்குரிய 25 எழுத்துச் சாவியைத் தாய்ப்பலகையின் நிலைபொருளிலேயே, அதாவது சில்லில் நிரந்தரமாக இருக்கும் ஃபர்ம்வேரிலேயே, பதித்துவிடுகிறார்கள். வன்தட்டை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் விண்டோஸ் சாவி கேட்காததற்குக் காரணம் இதுதான். சென்ற ஆண்டு உறவினர் ஒருவரின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை நிறுவியபின், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து எம்.எஸ்.டி.எம். என்ற நிலைபொருள் அட்டவணையைப் படித்துப் பார்த்தேன். ஐந்தைந்து எழுத்துகளாக அந்தச் சாவி திரையில் வந்து நின்றது. விண்டோஸ் போய்விட்டது, அதற்குக் கொடுத்த பணத்தின் தடம் மட்டும் தாய்ப்பலகையில் இருந்தது. அந்தச் சாவியை வேறொரு கணினிக்கு எடுத்துச் செல்லவும் உரிமம் இடம் தராது.

மென்பொருளை எழுதப் பெருஞ்செலவாகும். எழுதியதைப் படியெடுக்க ஏறத்தாழ ஒன்றும் ஆகாது. ஆகவே அரிசிக்கும் சிமெண்டுக்கும் விலை வைப்பதுபோல, ஒரு படியின் உற்பத்திச் செலவைக் கொண்டு இதற்கு விலை வைக்க இயலாது. நடைமுறையில் அந்த விலையின் உச்சவரம்பாக இருப்பது, பயனர் அந்த இயங்குதளத்தை விட்டு வெளியேற ஆகும் செலவே என்பது என் கருத்து. கோப்புகளை மாற்றுவதற்கும், பழகிய செயலிகளுக்கு ஈடு தேடுவதற்கும், பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதற்கும் ஆகும் செலவைவிடக் கட்டணம் குறைவாக இருக்கும்வரை வாடிக்கையாளர் நகரமாட்டார். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வேண்டுமென்றால் நிறுவனங்கள் ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலரும், இரண்டாமாண்டு 122 டாலரும், மூன்றாமாண்டு 244 டாலரும் தர வேண்டும். திருத்தங்களை எழுதும் செலவு ஆண்டுதோறும் இருமடங்காவதில்லை. விண்டோஸ் 11க்கு நகரச் செய்யும் அழுத்தமே இருமடங்காகிறது. அதற்கோ டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017க்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் அந்த வழியிலும் செல்ல முடியாமல் நிற்கின்றன.

வெளியேறும் வழியை ஒப்பந்தத்தின் மூலமே அடைத்த காலமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஒரு தயாரிப்பாளர் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் மைக்ரோசாப்ட்டின் அக்கால இயங்குதளமான எம்.எஸ். டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மைக்ரோசாப்ட்டுக்குக் கட்டணம் செலுத்தும் முறை இருந்தது. வேறு இயங்குதளத்தை நிறுவுபவர் இரண்டு முறை பணம் தர வேண்டியிருந்ததால், போட்டியாளரின் பொருள் மலிவாக இருந்தும் பயனில்லாமல் போயிற்று. 1994 ஜூலையில் அமெரிக்க நீதித்துறையுடன் ஏற்பட்ட உடன்பாடே அம்முறைக்கு முடிவு கட்டியது.

கட்டற்ற இயங்குதளம் இந்தக் கணக்கை வேறு முனையில் உடைக்கிறது. லினுஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருனியை அறிவித்தபின் முதலில் வைத்த உரிமம், அதைப் பணத்துக்கு வழங்குவதைத் தடுத்தது. 1992இல் அவர் குனு பொது உரிமத்துக்கு மாறினார். அது விற்பதைத் தாராளமாக அனுமதிக்கிறது. ஆனால் வாங்கியவர் மூலநிரலை, அதாவது நிரலர் எழுதிய வடிவத்தை, பெறுவதையும், திருத்துவதையும், பிறருக்குப் படியெடுத்துத் தருவதையும் விற்றவர் தடுக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையால் படிக்கான விலை தானாகவே சுழியத்தை நோக்கி இறங்கிவிட, பராமரிப்புக்கும் பொறுப்பேற்புக்கும் மட்டுமே பணம் கேட்க முடிகிறது. ரெட் ஹேட் அப்படி வளர்ந்த நிறுவனம்தான், 2019இல் ஐ.பி.எம். அதனை 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. கட்டற்றது என்பதை இலவசம் என்று மட்டும் புரிந்துகொண்டால் இந்த விலை விளங்காது.

வழங்கிகளில், அதாவது பிற கணினிகளுக்குச் சேவை தரும் சர்வர்களில், போட்டி எப்போதோ முடிந்துவிட்டது. விண்டோஸ் சர்வர் உரிமம் பிராசசரின் கோர்களை எண்ணிக் கணக்கிடப்படுகிறது. ஒரு வழங்கிக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு வாங்க வேண்டும், அதனுடன் இணையும் பயனர்களுக்குத் தனி உரிமமும் வேண்டும். எண்ணிக்கை பெருகப் பெருகக் கட்டணமும் பெருகும் அந்த முறையில் ஆயிரக்கணக்கான வழங்கிகளை அடுக்குவது கடினம். உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் பட்டியலிலிருந்து லினக்ஸிலேயே இயங்குகின்றன.

மேசைக் கணினியில்தான் வெளியேறும் செலவு கனமாக அழுத்துகிறது. பிரான்சின் ஜாந்தார்மெரி காவல் படை அதைத் தவணைகளாகப் பிரித்துச் செலுத்தியது. 2005 வாக்கில் விண்டோஸை வைத்துக்கொண்டே ஓப்பன் ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலகச் செயலிக்கு மாறினார்கள். அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியும் வந்தன. கைகள் பழகியபின், 2008இல் தொடங்கி இயங்குதளத்தை மாற்றினார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் உபுண்டுவின் அவர்களுடைய வடிவம் ஓடுகிறது. ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய மியூனிக் நகராட்சியோ, 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. கேரளப் பள்ளிகள் லினக்ஸைக் குழந்தைகளிடமிருந்தே தொடங்கின. வேறொன்றுக்குப் பழகாதவருக்கு வெளியேறும் செலவே கிடையாது.

தமிழில் இந்தச் செலவு எங்கே தேங்கியிருக்கிறது என்பதை எந்த டி.டி.பி. மையத்திலும் காணலாம். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பில் தமிழ் எழுத்தே சேமிக்கப்படவில்லை; ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எம் எழுத்தின் குறியீடு இருக்கிறது, எழுத்துரு அதன்மேல் ‘அ’வின் வடிவத்தைப் போர்த்துகிறது. அப்படி அடித்த, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்புச் செயலியின் கோப்புகள் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருக்கையில், உபுண்டு இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்வதால் அங்கே ஒன்றும் மாறாது. முதலில் அந்த உரைகளை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இந்த வேலையை இப்போதுள்ள விண்டோஸிலேயே, ஒரு நாளைக்குச் சில கோப்புகள் வீதம் செய்யலாம். மாற்றிய உரை, லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலகச் செயலியில், எந்த இயங்குதளத்தில் திறந்தாலும், தமிழாகவே திறக்கும்.