ஒத்துழைப்புக்கு எத்தனை மதிப்பெண்?

பக்கவாத நோயாளியின் கேஸ் ஷீட்டில் அடிக்கடி தென்படும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’ எழுதியவர் அன்றைக்குக் கண்டதைத்தான் எழுதியிருப்பார். அடுத்த ஷிப்டில் வருகிறவர் வாசிக்கும்போது அது அந்த மனிதரின் சுபாவமாகிவிடுகிறது. வீட்டாரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்: ‘அப்பா எப்போதுமே பிடிவாதக்காரர்.’ எந்தப் பயிற்சியில் ஒத்துழைக்கவில்லை, காலையிலா மாலையிலா, எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்று கேட்டால் அந்தத் தாளில் பதில் கிடைக்காது.

ஆக்குபேஷனல் தெரபியில் இது சின்ன விஷயமில்லை. சட்டைப் பொத்தான் போடுவது, டம்ளரை எடுத்துக் குடிப்பது, துணி மடிப்பது, சில்லறை எண்ணிக் கொடுப்பது என்று அன்றாட வேலைகளையே பயிற்சியாக்கும் சிகிச்சை அது. நோயாளி செய்வதுதான் சிகிச்சை. அவர் செய்யாவிட்டால், அமர்வுக்கு வருகைப் பதிவு இருக்கும், சிகிச்சை நடந்திருக்காது. அதனால்தான் ஈடுபாட்டை அளக்க வேண்டும் என்ற யோசனை வந்தது.

அதிகம் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்தது. முதியோர் மனநல மருத்துவர் எரிக் லென்ஸும் அவருடைய குழுவினரும் 2004ஆம் ஆண்டு அதை வெளியிட்டார்கள். ஒவ்வோர் அமர்வும் முடிந்ததும் தெரபிஸ்ட் 1 முதல் 6 வரை ஓர் எண் போட வேண்டும், அவ்வளவுதான். முழு அமர்வையும் மறுத்தால் 1. பாதிக்கு மேல் செய்யாவிட்டால் 2. பெரும்பாலானவற்றைச் செய்தும் முழு முயற்சி இல்லை, அல்லது மிகவும் ஊக்கப்படுத்த வேண்டியிருந்தது என்றால் 3. எல்லாவற்றிலும் நன்றாக முயன்று, பெரும்பாலானவற்றை முடித்தால் 4. முழு முயற்சியோடு எல்லாவற்றையும் முடித்தால் 5.

அப்படியானால் 6 எதற்கு? உடல் உழைப்பில் 5க்கும் 6க்கும் வித்தியாசமே இல்லை. 5 வாங்குகிறவர் சொன்னதை அப்படியே செய்துவிட்டுப் போகிறவர். 6 வாங்குகிறவர் ‘இதை எதற்குச் செய்கிறோம்?’, ‘நாளைக்கு இடது கையால் சாவி திருப்பிப் பார்க்கலாமா?’ என்று கேட்கிறவர். கீழ்ப்படிதலையும் ஈடுபாட்டையும் இந்த ஒரே படியில் பிரித்துவிட்டார்கள். இந்த அளவுகோலில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மறுவாழ்வுப் பிரிவில் தங்கிச் சிகிச்சை பெற்ற 242 பேரிடம் இதைச் சோதித்தார்கள். இரண்டு பேர் தனித்தனியே எண் போட்டால் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தபோது, பிசியோதெரபியில் 0.96, ஆக்குபேஷனல் தெரபியில் 0.91 கிடைத்தது. 1 என்றால் முழு ஒற்றுமை. இரண்டுமே நல்ல எண்கள்தான். ஆக்குபேஷனல் தெரபியில் கொஞ்சம் குறைந்ததற்கு என் ஊகம்: இணைக் கம்பிகளைப் பிடித்து நடப்பவரின் முயற்சி தூரத்திலிருந்தே தெரியும், மேசைமுன் உட்கார்ந்து பொத்தானோடு மல்லுக்கட்டுபவரின் முயற்சி அவ்வளவு எளிதில் கண்ணில் படாது.

அந்த ஆய்வில் அடிக்கடி குறைந்த எண் வாங்கியவர்களுக்கு அன்றாடச் செயல்திறன் குறைவாகவே முன்னேறியது. எப்போதாவது சுணங்கியவர்கள் மருத்துவமனையில் கூடுதல் நாள் தங்க வேண்டியிருந்தது. இதைப் பார்த்து ‘ஈடுபட்டால் குணமாகும்’ என்று முடிவுகட்டிவிட முடியாது. பாதிப்பு லேசாக இருப்பவருக்கு ஈடுபடுவதும் எளிது, தேறுவதும் எளிது. எது எதற்குக் காரணம் என்பதை இந்த எண் சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாடம் நடத்திய வாத்தியாரே விடைத்தாளும் திருத்துகிற கதைதான் இது. சிரித்த முகமாகப் பேசும் நோயாளிக்கு அரை மதிப்பெண் கூடத்தான் விழும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த அளவுகோல், ஒரே எண்ணை ஐந்து கேள்விகளாகப் பிரித்தது: ஒழுங்காக வருகிறாரா, தொடங்கவும் முடிக்கவும் தூண்ட வேண்டியிருக்கிறதா, மனப்பாங்கு எப்படி, சிகிச்சை தேவை என்பதை ஏற்கிறாரா, முனைப்போடு செய்கிறாரா. பக்கவாத நோயாளிகளைப் பொறுத்தவரை இந்தப் பிரிப்பு மிகவும் உதவுகிறது. மூளையில் அடி விழுந்த இடத்தைப் பொறுத்து இவற்றில் ஒன்று மட்டும் தனியாகச் சரியக்கூடும்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவரின் முன் இருபது மரக்குச்சிகளை வைத்து, எல்லாவற்றையும் பலகைத் துளைகளில் செருகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் இருக்கும் குச்சிகளைச் செருகிவிட்டு ‘முடிந்தது’ என்கிறார். இடப்பக்கம் அப்படியே கிடக்கிறது. கண்ணில் கோளாறு இல்லை. இடப்பக்க உலகம் அவருடைய கவனத்துக்கு வரவில்லை. தட்டிலும் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ‘பயிற்சியை முடிக்கவில்லை’ என்று இவருக்கு 3 போட்டால் அந்த எண் ‘புறக்கணிப்பு’ எனப்படும் இந்தக் கோளாறைத்தான் அளக்கிறது. தன் கை செயலிழந்ததே தெரியாத நிலையும் இப்படித்தான். ‘எனக்கு ஒன்றுமில்லை, எதற்கு இந்தப் பயிற்சி?’ என்று அவர் கேட்பது அடம் அல்ல, நோயின் அறிகுறி.

நாட்டமின்மை இன்னும் ஏமாற்றும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. மனச்சோர்வும் கிட்டத்தட்ட அதே அளவில் வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். மனச்சோர்வில் துக்கம் இருக்கும். நாட்டமின்மையில் துக்கமே இருக்காது. தானாகத் தொடங்கும் விசை மட்டும் இல்லாமல் போயிருக்கும். துண்டைக் கையில் கொடுத்து முதல் மடிப்பைத் தொடங்கிவைத்தால் மீதியை மடித்துவிடுவார். ‘தூண்ட வேண்டியிருந்ததா’ என்ற கேள்வியில் மோசமாகவும் மற்றவற்றில் சுமாராகவும் ஒருவர் வாங்கினால், இதைச் சந்தேகிக்கத் தோன்ற வேண்டும். பேச்சிழந்தவருக்கோ 6 கிடைக்கும் வழியே கொஞ்சம் அடைபட்டிருக்கிறது. ஆர்வத்தைக் கேள்வியாகக் கேட்க அவருக்கு வாய் வராது. பக்கவாதத்துக்குப் பிந்தைய களைப்பைக் கணக்கிலெடுக்காமல் மாலை நான்கு மணி அமர்வுக்கு எண் போடுவதும் நியாயமில்லை.

மனிதர் போடும் எண்ணே இப்படியென்றால் கருவியிடம் விட்டுவிடலாமே என்று தோன்றும். அதைவிட எளிய வழி, கையசைவுகளை எண்ணுவது. மறுவாழ்வு ஆய்வாளர் கேத்தரின் லாங்கின் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஏழு இடங்களில் 312 அமர்வுகளை உட்கார்ந்து எண்ணினார்கள். கைக்குப் பயிற்சி தந்த அமர்வுகளில் ஏறத்தாழப் பாதியில்தான் பொருளை எடுத்து வைப்பது போன்ற செயல்சார் அசைவுகள் இருந்தன. அப்படி இருந்த அமர்வுகளிலும் சராசரியாக 32 முறை. விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்யவைப்பார்கள். அந்த வேறுபாடு பலரை உலுக்கியது. ஆனால், பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது ஆனவர்களிடம் அதே குழுவினர் 3,200, 6,400, 9,600 முறை என்று அளவைக் கூட்டிப் பார்த்தபோது, கூடுதலாகச் செய்தவர் கூடுதலாகத் தேறினார் என்று காட்ட முடியவில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கான தடயம் 2000ஆம் ஆண்டு குரங்கு ஆய்வொன்றில் முன்பே இருக்கிறது. அகலமான குழியிலிருந்து தின்பண்ட உருண்டையை எடுக்க அணில் குரங்குகளைப் பழக்கினார்கள். சுலபமான வேலை, ஆயிரக்கணக்கான முறை செய்தன. மூளையின் மேலடுக்கான புறணியில் விரல்களை இயக்கும் பகுதிகளின் வரைபடம் மாறவில்லை. விரல் நுழையவே சிரமமான சிறு குழியில் எடுக்கக் கற்ற குரங்குகளிடம்தான் அது மாறியது. கை அசைந்த கணக்கைவிட, புதிதாக ஒன்றைக் கற்க வேண்டிய கட்டாயம்தான் மூளையை மாற்றியிருக்கிறது. மணிக்கட்டில் கட்டி அசைவை அளக்கும் முடுக்கமானிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நடக்கும்போது கை வீசுவதை அது அசைவாகக் கணக்கில் சேர்க்கும். பையை இறுகப் பிடித்து நிற்பதைச் சேர்க்காது. தெரபிஸ்ட் நோயாளியின் கையைப் பிடித்து ஆட்டினாலும் பதிவாகும்.

ரோபோவால் தெரிந்துகொண்டது வேறு. கையைத் தாங்கி நகர்த்த உதவும் ரோபோவைக் கலிஃபோர்னியாவில் சோதித்தவர்கள், நோயாளிகள் மெல்ல மெல்லத் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு பாரத்தை இயந்திரத்தின்மேல் போட்டுவிடுவதைக் கண்டார்கள். சோம்பேறித்தனம் என்று திட்ட வேண்டாம். பிழையில்லாமல் வேலை முடிகிறவரை முயற்சியை மிச்சப்படுத்துவது நரம்பு மண்டலத்தின் வழக்கம். 2008இல் அவர்கள் கண்ட தீர்வு, ரோபோவின் கட்டுப்பாட்டு நிரலில் கொஞ்சம் ‘மறதி’யைச் சேர்ப்பது. பிழை சிறிதாக இருக்கும்போதெல்லாம் இயந்திரம் தன் உதவியைத் தானாகவே குறைத்துக்கொண்டு போகும். நோயாளி கைகொடுத்தாக வேண்டும். ரோபோ எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்பதே ஈடுபாட்டின் அளவாகவும் ஆகிவிடுகிறது. முகபாவத்தையும் மரியாதையையும் பார்த்து ஏமாறாத அளவு அது. ஆனால் ரோபோவில் உட்காரும்போது மட்டும்தான் கிடைக்கும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த மறுவாழ்வு ஆய்வாளர் ஃபெலிசிட்டி பிரைட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2015இல் இந்த முழுப் பேச்சையும் திருப்பிப் போட்டார்கள். ஈடுபாடு நோயாளிக்குள் இருக்கும் சரக்கு அல்ல, அவருக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவில் உருவாவது என்றார்கள். அப்படிப் பார்த்தால் 2 என்ற எண் எதிரே உட்கார்ந்திருந்தவரையும் சேர்த்துத்தான் அளக்கிறது. இது நல்லெண்ணப் பேச்சாக மட்டும் நிற்கவில்லை. லென்ஸ் பிறகு செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து நடத்திய சோதனையில், தெரபிஸ்ட்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள்: ஒவ்வொரு பயிற்சியையும் நோயாளி திரும்பப் பெற விரும்பும் வேலையோடு முடிச்சுப் போட்டுச் சொல்ல வேண்டும், அவர் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று காட்ட வேண்டும். 2019இல் வெளியான முடிவுகளின்படி, 229 முதியவர்களில் அப்படிப்பட்ட தெரபிஸ்ட்களிடம் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பக்கவாத நோயாளிகள் அல்லர். வீடு திரும்பிய பிறகு அந்த முன்னிலை நீடித்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சோதனையில் மாற்றப்பட்டது நோயாளியின் சுபாவம் அல்ல, தெரபிஸ்ட் பேசும் விதம்.