பவர் மாத்திரையால் எதிர்ப்பு சக்தி வராது, போகும்

ஐப்பசி மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால் கொடைக்கானல் மலையில் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் ஒரே குரல்தான்: "சளி, இருமலுக்கு ஒரு செட் குடுங்கண்ணே." நாலு நாள் கழித்து அதே வீட்டுப் பிள்ளை வயிற்றுப்போக்கோடு வரும். அம்மா கையில் ஒரு சின்னக் காகித உறை இருக்கும். இந்தப் பருவத்தில் இது எத்தனையாவது உறை என்று எண்ணுவதையே விட்டாயிற்று.

உறையைப் பிரித்தால் வெட்டிய ஸ்ட்ரிப் துண்டுகள். காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால். மூக்கொழுகலுக்கு ஒரு குட்டி மாத்திரை. நீளமாக ஒன்று, அதுதான் "பவர் மாத்திரை": அசித்ரோமைசினோ செஃபிக்ஸைமோ, ஏதாவதொரு ஆன்டிபயாடிக். சில உறைகளில் கூடவே ஒரு ஸ்டீராய்டும் கிடக்கும். பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்த துண்டு கடையிலேயே தங்கிவிட்டிருக்கும். அப்பாவுக்கு வாங்கியதில் பாதியை உடைத்துப் பிள்ளைக்கும் கொடுத்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "கொஞ்சம் எதிர்ப்பு சக்தி வரட்டும்னுதான்."

இந்தப் பதிலைத்தான் தாங்க முடியவில்லை. ஆன்டிபயாடிக் சத்து மருந்து இல்லை. அது பாக்டீரியாவைக் கொல்லும், அவ்வளவுதான். சளி வைரஸை அது தொடாது. தொட ஆளில்லாமல் நேரே குடலுக்குப் போய், அங்கே நமக்காக வேலை பார்க்கிற பாக்டீரியாக்களைக் கொல்லும்.

2016-ல் வெளியான கணக்குப்படி நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. உடம்பின் சொந்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான். பாக்டீரியாக்களில் பெரும்பங்கு பெருங்குடலில் இருக்கிறது. எதிர்ப்பு செல்களும் குடல் சுவரை ஒட்டிக் கூட்டமாகக் காவல் நிற்கின்றன. எது சோறு, எது எதிரி, எதைச் சும்மா விட வேண்டும் என்று அந்தக் காவலர்கள் பழகுவது இந்த பாக்டீரியாக்களோடுதான். நாம் தின்னும் நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலம் செய்கின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. வீண் சண்டையை அடக்குகிற டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் வளரவும் அது வேண்டும். எதிர்ப்பு சக்தி என்றால் அடிக்கிற சக்தி மட்டுமில்லை, அடிக்கக் கூடாததை அடிக்காமல் விடுவதும்தான். குடலில் நல்ல கிருமிகள் இடத்தை அடைத்து உட்கார்ந்திருக்கிற வரைக்கும் கெட்டது நுழைய இடமில்லை. மாத்திரை அந்த இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. நாலாம் நாள் வயிற்றுப்போக்கு வேறெங்கிருந்து வருகிறது?

டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு 4 நாள் மட்டும் மூன்று ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. ஒன்றரை மாதத்தில் குடல் கிருமிகள் பெரும்பாலும் திரும்பிவிட்டன. ஆனால் எல்லாரிடமும் முன்பு இருந்த 9 வகைகள், 180 நாள் கழித்தும் பெரும்பாலானவர்களிடம் தென்படவில்லை. அவை கடை செட்டைவிட வீரியமான மருந்துகள், உண்மைதான். ஆனால் அவர்கள் போட்டது ஒரே ஒரு முறை. நம் பிள்ளைகளுக்கு ஒரு குளிர்காலத்தில் எத்தனை செட்?

"சளி பச்சையா வருது டாக்டர், அப்ப பவர் மாத்திரைதானே?" இல்லை. சளியைப் பச்சையாக்குவது கிருமி இல்லை, உங்கள் வெள்ளை அணுக்கள். சண்டைக்கு வரும் அந்த அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதிக்கே பச்சை நிறம். அவை கூட்டமாக வந்து செத்தால் சளியும் அந்த நிறமாகும். சாதாரண வைரஸ் சளியிலேயே முதல் இரண்டு நாள் தண்ணீராக ஒழுகி, மூன்றாம் நாள் வாக்கில் கெட்டியாகி மஞ்சளாகும், பச்சையாகும், பிறகு தெளியும். ஏழிலிருந்து பத்து நாள் கணக்கு. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஜனங்கள் மாத்திரை வாங்குவது மூன்றாம் நாள், அதாவது உச்சத்தில். ஆறாம் நாள் தானாகக் குறைகிறது. பெயர் மாத்திரைக்குப் போகிறது! அடுத்த சளிக்கும் அதே கடை, அதே செட்.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிமோனியாவுக்கு வேண்டும், டைபாய்டுக்கு வேண்டும். இந்த மலையில் முக்கியமாக ஸ்க்ரப் டைஃபஸ், அந்த உண்ணிக்காய்ச்சலுக்கு வேண்டும். புதர் வெட்டப் போனவருக்கு விடாத காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ் எல்லாம் பாருங்கள். பீடியால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று வலியில்லாமல் இருக்கும். இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பொருக்கு இல்லாமலும் அந்தக் காய்ச்சல் வரும், அதனால் மூன்று நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை. அரைகுறை செட் போட்டுவிட்டு வந்தால் நோய் மறைந்து நின்று எங்களையும் ஏமாற்றும். எழுதிக் கொடுத்தால் எழுதிய நாள்வரை, எழுதிய அளவு.

கடைக்காரத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. செஃபிக்ஸைம் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. 2014 மார்ச் முதல் அதைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். தெரியாதா என்ன? வாங்குபவர்களே, ஸ்ட்ரிப்பின் முதுகில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் தொடாதீர்கள்.

தண்ணீர் ஊற்றிக் கலக்குகிற குழந்தைகளின் ஆன்டிபயாடிக் பொடி சிரப்பிலும் தப்பு நடக்கிறது. ஆறவைத்த கொதிநீரைக் கோடுவரை ஊற்றிக் கலக்கிய பிறகு பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் 7 நாள், சிலவற்றுக்கு 14. "எங்க ஊரே ஃப்ரிட்ஜ்தானே" என்று மிச்சத்தை அடுத்த சளிக்கு எடுத்து வைக்காதீர்கள்.

இழந்ததைத் திரும்பக் கொண்டுவர விலை உயர்ந்த கேப்ஸ்யூல் வேண்டாம். பூம்பாறைப் பூண்டு, பட்டாணி, பட்டர் பீன்ஸ், மலைவாழை, எல்லாம் குடல் கிருமிகளின் தீனி. அத்தனையையும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி ஏற்றிவிட்டுப் பிள்ளைக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் எப்படி? தினம் ஒரு வேளையாவது பயறோ பீன்ஸோ தட்டில் இருக்கட்டும். தயிர் சளி தரும் என்று நிறுத்தாதீர்கள், குளிர்ச்சி போக வைத்துப் பகலில் கொடுங்கள். இங்கே தயிர் உறையாமல் நூல் இழுப்பதற்குக் காரணம் ஆறிப்போன பாலில் உறை ஊற்றுவதுதான். குளிரில் உறைமோர்க் கிருமி சோம்பிவிடும், வேறு கிருமி முந்திக்கொள்ளும். விரல் பொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி உறை கலந்து, ஹாட் பாக்ஸில் மூடி, மேலே கம்பளி சுற்றி வையுங்கள். மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும்.

குடிநீர்: 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொப்புளம் வந்ததும் இறக்காமல் 3 நிமிஷம் கொதிக்க விடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கும் கடை செட் வேண்டாம். பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதும் 1 லிட்டரில், பாதிப் பாதியாகக் கரைக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. துத்தநாக மாத்திரை 14 நாள். மலத்தில் ரத்தம், கண் குழிவு, சிறுநீர் குறைவு, இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரி.

இருமும் பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, விடியட்டும், வத்தலக்குண்டு பஸ் வரட்டும் என்று தயவுசெய்து உட்காராதீர்கள். 108-க்கு அடியுங்கள்.