எட்டு விநாடி வயலின்கள்: ஜாம்பீஸ் தட்டில் ஒலிக்கும் மெல்லோட்ரான்

இங்கிலாந்தின் 'ஜாம்பீஸ்' ராக் குழு 1967-இல் 'ஒடெஸ்ஸி அண்ட் ஒராக்கிள்' ஆல்பத்தைப் பதிவு செய்ய சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனம் கொடுத்தது ஆயிரம் பவுண்டு. 1968 ஏப்ரலில் தட்டு கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. அதிலிருந்து 'டைம் ஆஃப் த சீசன்' 1969-இல் அமெரிக்காவில் 3-ஆம் இடம் வரை போனபோது மேடையேற ஆளில்லை.

அந்தப் பணத்தில் வயலின் கோஷ்டியை அமர்த்த முடியாது. 'ஹங் அப் ஆன் எ ட்ரீம்' பாட்டின் வயலின்களும் 'சேஞ்சஸ்' தொடக்கத்துப் புல்லாங்குழலும் மெல்லோட்ரான் என்ற கீபோர்டிலிருந்து வந்தவை. பர்மிங்காமில் செய்யப்பட்ட இந்தக் கருவியில் மின்னணு முறையில் உருவாகும் சுரம் ஒன்றுகூட இல்லை.

ஒவ்வொரு கட்டைக்கும் கீழே அதற்கென ஒரு காந்த நாடா. அதில் ஒரே ஒரு சுரம், நிஜ வாத்தியக்காரர் வாசித்தது. கட்டையை அழுத்தினால் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கும்: ஃபெல்ட் என்னும் கம்பளித் துணிப் பட்டை நாடாவை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு ஒட்டவைக்கும், ஒரு ரப்பர் உருளை அதை எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும் தண்டோடு நெருக்கும். தண்டு நாடாவை விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் இழுக்கும். சுமார் எட்டு விநாடியில் சுரம் முடிந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைத் தொடக்கத்துக்கே இழுத்துவிடும்.

நாடாவை வட்டமாக ஒட்டிவிட்டால் எட்டு விநாடித் தொல்லையே இல்லையே? ஆனால் அப்போது சுரம் எந்த இடத்திலிருந்து தொடங்கும் என்று சொல்ல முடியாது. வில் கம்பியில் பற்றும் அந்த முதல் கணம், குழலில் ஊதும் காற்றின் முதல் சீற்றம், இரண்டும் போய்விடும். காது வாத்தியத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அங்கேதான். நாடா முழுவதும் திரும்புமுன் கட்டையை மறுபடி தட்டினாலும் இதே இழப்புதான். அதனால் வேகமான வாசிப்பு இதற்கு ஒத்துவராது. பல சுரங்கள் சேர்ந்து நீளும் கார்டுகளில்தான் (chord) அழகு.

பழுதுகளும் சுவையானவை. ஃபெல்ட்டின் அழுத்தம் குறைந்தால் ஒலி மங்கும். நாடா ஓடும் அந்த ஏழரை அங்குல வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் நீளம் 19 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவே 2 மைக்ரான் இடைவெளி விழுந்தாலே அந்த ஒலியில் ஏறக்குறைய 6 டெசிபல், அதாவது அலையின் உயரத்தில் பாதி, போய்விடும். நிறையக் கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் மோட்டார் திணறும். வேகம் 1 சதவீதம் குறைந்தால் சுருதி 17 சென்ட் இறங்கும், அதாவது அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. தண்டில் அழுக்கேறினால் நாடா வழுக்கி, சுரம் நடுங்கும். துல்லியமான சிந்தசைசர்களுக்கு வராத அந்த லேசான தள்ளாட்டம்தான் இந்த ஆல்பத்தின் கனவுத்தன்மை என்பேன்.

'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டில் மட்டும் நிஜ ஊதுவாத்தியங்கள் உண்டு. அவற்றை, பாட்டின் பகுதிகளைத் தனித்தனியாகப் பதியும் நான்கு டிராக் மூல நாடாவில் பதியாமல், எல்லாவற்றையும் ஒரே தடமாகக் கலக்கும் மோனோ மிக்ஸ் ஓடும்போதே வாசித்து நேராக அதில் சேர்த்துவிட்டார்கள். பிறகு இடம், வலம் என இரு தடங்கள் கொண்ட ஸ்டீரியோ வேண்டும் என்றது நிறுவனம். குழுவின் பாட்டெழுத்தாளர்களான ராட் ஆர்ஜெண்ட்டும் கிறிஸ் வைட்டும் கைக்காசு போட்டு மிக்ஸ் செய்தார்கள். ஆனால் மூல நாடாவில் ஊதுவாத்தியங்களே இல்லை! எனவே ஸ்டீரியோ தட்டில் அந்த ஒரு பாட்டு, மோனோவையே பிரித்துக் காட்டிய போலி ஸ்டீரியோவாக வந்தது. அதை மோனோ பதிப்பில் கேட்பதே மேல்.